கௌசிகா நேற்றுச் சொன்னது

வேம்பம்பாளையத்தில் விசைத்தறி ஓடாத தெரு ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே அந்த ஊரில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தும் பழகவில்லை. தறி ஷெட்டுக்குள் இருந்தவர்கள் கையால் பேசினார்கள். வெளியே வந்தவர்கள் தறியும் கூடவே நடந்து வருகிறது என்பதுபோலக் கத்திப் பேசினார்கள். கல்யாண வீட்டிலும் கத்தினார்கள், இழவு வீட்டிலும் கத்தினார்கள், கோயிலில் வேண்டிக்கொள்கிறவர்கள்கூடப் பக்கத்தில் நிற்பவருக்குத் தங்கள் குறையெல்லாம் தெரியும்படிதான் வேண்டிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் இருந்த முப்பத்தொன்பது பிள்ளைகளில் ஒருத்தியான கௌசிகாவின் குரல், ஆடி முடிந்து ஆவணி பிறந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு நாள் தாமதமாக வரத் தொடங்கியது.

அதாவது, செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்கு அவள் எழுந்து நின்று பேசினாள், வாய் அசைந்தது, கையும் கொஞ்சம் அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. புதன்கிழமை பதினொன்று இருபதுக்கு, அவள் நின்ற அதே இடத்திலிருந்து, அவள் தன் பாட்டுக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, நேற்றுப் பேசியதெல்லாம் ஓர் எழுத்துக் குறையாமல் கேட்டது. கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் மறுபடி சாக்பீஸை எடுத்துக்கொண்டார். எக்ஸ் என்பதன் மதிப்பு அன்றைக்கும் நான்குதான் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளைப் பேசச் சொன்னது வகுப்பாசிரியை தமயந்தி டீச்சர். டீச்சர் அதற்கு முந்தைய வாரம்தான் மாவட்டத் தலைநகரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், ‘கேட்டலும் பேசுதலும்’ என்று அட்டையில் போட்ட ஒரு கையேட்டோடு திரும்பியிருந்தாள். பிள்ளைகளை ஜோடி ஜோடியாக உட்கார வைக்க வேண்டும், ஒரு பிள்ளை பேச வேண்டும், மற்றது குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், பிறகு கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பேசியதற்கு ஐந்து மதிப்பெண், கேட்டதற்கு ஐந்து, அன்றன்றைக்கே செல்போன் செயலியில் ஏற்றிவிட வேண்டும். இதையெல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்த தமயந்தி டீச்சர், உண்மையைச் சொன்னால், பாதிக்கு மேல் கேட்கவில்லை. எதிரில் இருப்பவர் பேசும்போது தான் அடுத்துச் சொல்லப்போவதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருப்பது அவள் இயல்பு. அவள் புருஷன் கல்யாணமான நாலாம் வருஷமே அவளிடம் முக்கியமான சங்கதிகளைச் சொல்வதை நிறுத்திவிட்டு, காலண்டரில் குறித்துவைக்கப் பழகிக்கொண்டார். நல்ல மனுஷிதான், பிள்ளைகளை அடிக்க மாட்டாள், தமிழ் அழகாக நடத்துவாள், ஆனால் காது மட்டும் எப்போதும் வேறெங்கோ வேலையாக இருக்கும்.

குரல் ஏன் பிந்தியது என்று ஊரில் இரண்டு மூன்று அபிப்பிராயங்கள் இருந்தன. பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்து நான்கு தறி ஓடுகிற ஷெட் இருக்கிறது, அந்தச் சத்தத்தில் சிக்கிக்கொண்டு மெதுவாக வருகிறது என்றார்கள் சிலர். பிள்ளைக்குக் கண்ணேறு என்று ஒருத்தி எலுமிச்சம்பழம் கட்டிவிட்டாள். பெரிய ஊரிலிருந்த காது மூக்குத் தொண்டை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து, ‘ஆ’ சொல்லச் சொல்லி, ஒன்றுமே கேட்காமல், தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் அதே நேரத்தில் அந்த அறையில் வேறொரு கிழவர் வாயைத் திறந்தபோது ஒரு பெண்பிள்ளையின் ‘ஆ’ கேட்டதாகவும், கிழவர் தன் குரலுக்கு இளமை திரும்பிவிட்டதென்று சந்தோஷப்பட்டதாகவும் சொல்வார்கள். உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று வகுப்புத் தலைவி சுபிக்‌ஷா ஒரு வாரம் முயன்றாள். அம்மா, பாப்பா, மாமா மூன்றுக்கும் உதடு ஒரே மாதிரி போவதைக் கண்டு விட்டுவிட்டாள்.

எழுதிக் காட்டட்டுமே என்று சொன்னவர்களும் உண்டு. அதற்குக் கௌசிகா ஒப்பவில்லை. ஒரு தடவை தமயந்தி டீச்சர் கட்டாயப்படுத்திப் பேப்பரும் பேனாவும் கையில் திணித்தபோது, அவள் ‘நான்தான் பேசிட்டனே’ என்று மட்டும் எழுதி மடித்துக் கொடுத்தாள். தலையை ஆட்டுவது, கையைக் காட்டுவது என்று எதற்கும் இறங்கவில்லை. கேள்வி கேட்டால் நிமிர்ந்து நின்று வாயைத் திறந்து முழுசாகப் பேசுவாள், பேசிவிட்டுக் கேட்டவர் முகத்தைப் பார்ப்பாள். அவளைப் பொறுத்தவரை அவள் வேலை முடிந்தது, மறுநாள் வந்து கேட்டுக்கொள்வது கேள்வி கேட்டவரின் வேலை. பன்னிரண்டு வயசுக்கு அது கொஞ்சம் அதிகப் பிடிவாதம்தான்.

முதல் மாதம் ஊர்ச் சனம் வந்து வந்து கேட்டது. டீக்கடைக்காரர் கேட்டார், பால் ஊற்றுகிறவர் கேட்டார், வார்டு கவுன்சிலர் நான்கு பேரோடு வந்து ஜன்னல் ஓரம் நின்று கேட்டுவிட்டு, குரல் நல்ல கணீரென்று இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்குச் சொல்கிற பிள்ளை என்று தப்பாகக் கேள்விப்பட்டு வெளியூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள்; நேற்றுச் சொன்னதைத்தான் இன்றைக்குச் சொல்கிறது என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போய், இதற்கா இவ்வளவு தூரம் என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு ஊருக்கு அது பழகிவிட்டது. மழை வந்தால் குடை எடுப்பதுபோல, கௌசிகா ஓர் இடத்தில் பேசினால் மறுநாள் அந்நேரத்துக்கு அங்கே கொஞ்சம் சத்தம் போடாமல் இருப்பது என்ற அளவில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக வேம்பம்பாளையம் மணி பார்த்து வாயை மூடியது.

அவள் வீட்டிலும் இது பெரிய தொந்தரவாக இல்லை. அப்பா மாதேஸ்வரனும் அம்மாவும் தறி ஓட்டுகிறவர்கள், வீடும் ஷெட்டை ஒட்டிய வரிசை வீடு, பேச்சில் பாதி எப்போதும் கையிலேயே நடந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு மகள் வந்து ஷெட் வாசலில் நின்று அன்றைய கதையெல்லாம் சொல்வாள், மாதேஸ்வரன் நூலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார். மறுநாள் ஐந்தரைக்கு, முதல்நாள் கதை வாசலில் கேட்கத் தொடங்கும்போது, தன் தறிகள் இரண்டையும் நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்று முழுசாகக் கேட்பார். தறி ஏன் நின்றது என்று முதலாளி கேட்டால் நூல் அறுந்துவிட்டது என்பார். ஆவணியிலும் புரட்டாசியிலும் அவர் தறியில் தினமும் ஐந்தரைக்குச் சரியாக நூல் அறுந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. யார் ஆரம்பித்தது என்றால் சுபிக்‌ஷாதான். கௌசிகா எங்கே நின்று பேசினாலும் ஓடிப் போய் அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே மணியை எழுதிவிடுவாள். மறுநாள் கேட்டு முடிந்த பிறகுதான் அழிக்கலாம், அதுவரை யாரும் வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசக் கூடாது, பேசினால் நாளைக்கு நம் குரலும் கலந்துவிடும் என்று பிள்ளைகள் தாங்களாகவே ஒரு பயத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பறையில் வட்டம், வராந்தாவில் வட்டம், தண்ணீர்க் குழாயடியில் வட்டம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையாய் உட்காருகிற இடத்தில் வட்டம். வட்டத்தை யாரும் மிதிக்கவில்லை. மிதிக்கக் கூடாதென்று அவளையும் சுற்றி ஒரு கை தூரம் விட்டே எல்லோரும் நடந்தார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்துத் தலைமையாசிரியர் அங்கமுத்து சார் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளைப் பாராட்டினார்.

தமயந்தி டீச்சருக்கு இதில்தான் ஒரு யோசனை வந்தது. கையேட்டில் ‘கவனமாகக் கேட்டு எழுதுதல்’ என்று ஒரு செயல்பாடு இருந்தது. மூச்சு முட்டக் கத்தினாலும் அடங்காத அந்த முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கௌசிகாவின் நேரம் வந்தால் மட்டும் ஊசி விழுந்தால் கேட்கும்படி அடங்கினார்கள். ஆகவே அவள் கணக்கு வாத்தியாரின் நாட்களிலும் அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தினமும் பதினொன்று இருபதுக்குக் கௌசிகாவை எழுந்து எதையாவது பேசச் சொன்னாள், மறுநாள் பதினொன்று இருபதுக்குப் பிள்ளைகள் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், குரல் வந்தது, எழுதினார்கள், டீச்சர் நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒற்றுப்பிழை திருத்தி, சரியாக எழுதியவர்களுக்குச் சிவப்பு மையில் டிக் போட்டாள். ஒரே மாதத்தில் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் கேட்டல் மதிப்பெண் வட்டாரத்திலேயே முதலாவதாக வந்தது. அதிகாரி ஒருவர் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, பிள்ளைகள் இப்படிக் கேட்டு நான் எங்குமே பார்த்ததில்லை என்று சொல்லி வீடியோ எடுத்துக்கொண்டு போனார். டீச்சருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதை அவள் கண்ணாடி போட்டு ஸ்டாஃப் ரூமில் மாட்டினாள்.

வினை அந்தச் செயலியில் இருந்தது. பேசுதல் மதிப்பெண்ணை அன்றைக்கே ஏற்ற வேண்டும். கௌசிகா பேசியது அன்றைக்குக் கேட்காது. நேற்றுத் தேதிக்கு ஏற்ற முயன்றால் ‘காலம் கடந்துவிட்டது’ என்று சிவப்பாக வரும், நாளைத் தேதிக்கு முயன்றால் அதையும் ஏற்காது. கேட்டலில் வட்டாரத்து முதல் வகுப்பில் பேசுதலில் பூஜ்ஜியம் வாங்குகிற பிள்ளை யார் என்று மேலே இருந்து போன் வந்தது. அங்கமுத்து சார் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் விசாரித்ததில், அறுபது கிலோமீட்டர் தள்ளி, காது கேளாத, பேச்சு வராத பிள்ளைகளுக்காக விடுதியோடு ஒரு பள்ளி இருப்பது தெரிந்தது. நல்ல பள்ளி, குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல சாப்பாடு, நல்ல ஆசிரியர்கள். அங்கே மாற்றிவிட்டால் பிள்ளைக்கும் நல்லது, பூஜ்ஜியமும் போய்விடும். மாதேஸ்வரனைக் கூப்பிட்டு, அங்கே போனால் குரல் சரியாகிவிடும் என்று சொல்லி, வியாழக்கிழமை ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிள்ளையிடம் நாளைக்கு மீட்டிங்கில் நாங்களே பக்குவமாகச் சொல்கிறோம், நீங்கள் ஒன்றும் சொல்லிக் கலங்கடிக்க வேண்டாம் என்று அனுப்பிவைத்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூட்ட அறையில் கூடியது. ஏழு பேர் இருந்தார்கள், ஏழு பேரும் பேசினார்கள். விடுதியின் கட்டில் பற்றியும், வாரத்துக்கு ஒரு நாள் அப்பா வந்து பார்க்கலாம் என்பது பற்றியும், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வகுப்பாசிரியை செயலியில் விண்ணப்பத்தை ஏற்றிவிட வேண்டும், தவறினால் அடுத்த வருஷம்தான் இடம் என்பது பற்றியும் விளக்கமாகச் சொல்லப்பட்டது. கடைசியில் அங்கமுத்து சார், விதிமுறைப்படி பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டாக வேண்டும் என்று, மேசைக்கு முன்னால் நின்றிருந்த கௌசிகாவிடம் கேட்டார்.

“என்ன கண்ணு, போறயா?”

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது. கௌசிகா நிமிர்ந்து நின்று பேசினாள். வழக்கமாகப் பேசுவதைவிட அதிக நேரம் பேசினாள். நடுவில் ஒரு தரம் நிறுத்தினாள், எச்சில் விழுங்கிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். முடித்துவிட்டு ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழு பேரும் புன்னகை செய்தார்கள். தமயந்தி டீச்சரும் செய்தாள். குறிப்பேட்டில், மாணவியிடம் கேட்கப்பட்டது, மாணவி மறுப்பு ஏதும் தெரிவிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு மாதமாக மணி பார்த்து வாயை மூடப் பழகிய ஊர், ஒரு தீர்மானம் என்று வந்ததும் பழையபடி அன்றைக்கே பேசி அன்றைக்கே முடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் தமயந்தி டீச்சர் வீட்டில் உட்கார்ந்து, கௌசிகாவின் படிவத்தோடு அனுப்புவதற்காகப் பழைய நோட்டுகளைப் புரட்டினாள். பேசுதலில் பூஜ்ஜியம் என்றாலும் பிள்ளை நன்றாகப் பேசக்கூடியவள் என்பதற்கு ஆதாரமாக இரண்டு பக்கம் இருக்கட்டும் என்று நினைத்தாள். கையில் வந்தது சுபிக்‌ஷாவின் நோட்டு, முத்து முத்தான எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் டிக். டீச்சர் அந்த நோட்டை முதல்முறையாகப் பிழை பார்க்காமல் படித்தாள்.

ஆவணி இருபத்து மூன்று என்று தேதி போட்டு, ‘எனக்கு இந்த வட்டம் வேண்டாம் டீச்சர், அழிச்சிருங்க’ என்று இருந்தது. பக்கத்தில் ஐந்துக்கு ஐந்து. ஆவணி இருபத்தெட்டில், ‘சோறு திங்கும்போது யாரும் என்கூட உக்கார மாட்டேங்கறாங்க, நீங்க சொன்னா உக்காருவாங்க.’ ஐந்துக்கு நாலரை, ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. புரட்டாசி நான்கில், ‘நேத்தும் இதத்தான் சொன்னேன் டீச்சர்.’ புரட்டாசி ஐந்தில், ‘உங்களுக்கு நான் சொல்றது கேக்குதுங்களா?’ அதற்கு ஐந்துக்கு ஐந்து, ‘கேள்விக்குறி இட்டமைக்குப் பாராட்டு’ என்று டீச்சரின் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு. அடுத்த நோட்டை எடுத்தாள், அடுத்ததை எடுத்தாள். முப்பத்தெட்டு நோட்டிலும் அதே வாக்கியங்கள், முப்பத்தெட்டு விதமான கையெழுத்தில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவள் போட்ட சிவப்பு டிக். தமயந்தி டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் இதையெல்லாம் அவளே வகுப்பில் நின்று, கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டிருந்தாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே அவள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். வாட்ச்மேன் செங்கோடன் வேப்பமரத்தடியில் செய்தித்தாள் விரித்துப் படுத்திருந்தார். ஏனுங் டீச்சர் இந்நேரத்துக்கு என்று அவர் கேட்டதற்கு, விண்ணப்பம் ஏற்ற வேண்டும், வீட்டில் சிக்னல் இல்லை என்று ஒரு பொய் சொல்லி, வாசல் கேட்டுச் சாவியும் கோத்திருந்த வளையத்தோடு கூட்ட அறையின் சாவியை வாங்கினாள். நேற்றைய நாற்காலிகள் நேற்றைய கோணத்திலேயே கிடந்தன. மேசைக்கு முன்னால் சாக்பீஸ் வட்டம் இல்லை, மீட்டிங்கில் சுபிக்‌ஷாவுக்கு அனுமதி இல்லையே. டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செல்போனை மடியில் வைத்து, செயலியைத் திறந்து, எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, ‘அனுப்பு’ என்கிற பச்சைப் பொத்தான் வரைக்கும் போய் நிறுத்திக்கொண்டாள். பிறகு பழக்கதோஷத்தில் கைப்பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த ஷெட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று நாற்பதுக்கு மேசைக்கு முன்னாலிருந்து குரல் வந்தது.

“எனக்குப் போக வேண்டாமுங்க சார். நல்ல பள்ளிக்கூடம்னு சொல்றீங்க, இருக்கட்டுமுங்க. எனக்குக் காது கேக்குது. பேச்சும் வருது, நாளைக்கு வருது, அவ்வளவுதான். வாரத்துல ஒரு நாள் அப்பா வந்து பாக்கலாம்னு சொன்னீங்க. அவரு ஞாயித்துக்கிழமை வருவாரு, நான் பேசுவேன். அது கேக்கறது திங்கக்கிழமை. திங்கக்கிழமை அவரு இங்க தறியில நிப்பாரு. அப்பறம் நான் அங்க யாருக்குப் பேசறதுங்க?”

டீச்சர் அதுவரைக்கும் மூன்று வரி எழுதியிருந்தாள். குரல் நின்றது. அது நேற்றுப் பிள்ளை எச்சில் விழுங்கிய இடம் என்று டீச்சருக்குத் தெரிந்தது.

“இப்ப ஊட்டுக்குப் போயி அப்பாகிட்டச் சொல்லுவேன். பள்ளிக்கூடம் உட்டுப் போய்ச் சேர அஞ்சரை ஆயிரும், நாளைக்கு அஞ்சரைக்குத்தான் அவருக்குக் கேக்கும். நீங்க அஞ்சு மணிக்குள்ள அனுப்பிப் போடுவீங்க. அதனால நாளைக்கு மூணு நாப்பதுக்கு நான் இங்க வந்து வெளிய ஜன்னல்கிட்ட நிப்பேன். உள்ள இருந்து இத யாராச்சும் கேட்டுட்டிருந்தீங்கன்னா, எழுதிக்க வேண்டாமுங்க. எனக்குப் பதில் சொல்லுங்க.”

அதோடு முடிந்தது. தமயந்தி டீச்சர் பேனாவை மூடினாள். திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னலுக்கு வெளியே கௌசிகா நின்றிருந்தாள். சீருடை இல்லை, பச்சையில் ஒரு சுடிதார், தலைமுடியில் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது. செங்கோடனுக்குத் தெரியாமல் பின்பக்கச் சுவர் ஏறி வந்திருக்க வேண்டும், முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஏழு முகங்களைப் பார்த்ததுபோலவே இந்த ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமயந்தி டீச்சர் மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தது எதுவும் அங்கே இல்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

“கேட்டேன் கண்ணு,” என்றாள். “நீ போக வேண்டாம். நான் அனுப்பல.”

செல்போனைப் பிள்ளைக்குத் தெரியும்படி ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, நிரப்பியதையெல்லாம் அழித்தாள். அங்கமுத்து சார் திங்கட்கிழமை என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும், மேலே இருந்து என்ன போன் வரும் என்பதும் தெரியும். சான்றிதழைக் கண்ணாடியோடு கழற்றித் தந்துவிட வேண்டியிருக்கும். அதெல்லாம் திங்கட்கிழமைக் கதை. இப்போது சொல்லவேண்டியது இன்னும் பாக்கி இருந்தது, அதைச் சொல்லுவதற்கு முன் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, துடைத்துக்கொண்டாள்.

“ஆவணி இருபத்து மூணாந்தேதி நீ வட்டம் வேண்டாம்னயே, இனிமே வட்டம் இல்ல. சுபிக்‌ஷாகிட்ட நானே சொல்றேன். இருபத்தெட்டாந்தேதி சோத்துக்கு யாரும் உக்கார்றதில்லன்னு சொன்ன. திங்கக்கிழமை நான் வந்து உக்கார்றேன், பொறவு புள்ளைங்களும் வருவாங்க. உங்களுக்கு கேக்குதுங்களான்னு கேட்டயில்ல கண்ணு, அதுக்கு…” என்று தொடங்கியவள், சற்று நிறுத்தி, “அன்னைக்குக் கேக்கலை. இன்னைக்குத்தான் கேட்டுச்சு,” என்று முடித்தாள்.

பிள்ளையின் பேச்சு ஒரு நாள்தான் பிந்தி வந்தது. டீச்சரின் பதில் ஒன்றரை மாதம் பிந்தியிருந்தது. கௌசிகா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கம்பியை விட்டுவிட்டு, பாவாடையில் கையைத் துடைப்பதுபோலச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று பேசத் தொடங்கினாள். சத்தமில்லாமல் நெடுநேரம் பேசினாள். இரண்டு தரம் சிரித்தாள், ஒரு தரம் அழுகிற மாதிரி உதடு கோணியது, கடைசியில் ஏதோ கேட்டாள், கேட்டாள் என்பது அவள் புருவம் உயர்ந்ததிலிருந்து தெரிந்தது. தமயந்தி டீச்சர் தலையை ஆட்டவில்லை. புரிந்ததுபோல முகத்தை வைத்துக்கொள்ளவும் இல்லை. பேச்சு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்து மணியை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டாள். மூன்று ஐம்பத்திரண்டு.

கௌசிகா வந்த வழியே சுவர் ஏறிக் குதித்து, ஐந்தரைக்குள் ஷெட் வாசலுக்குப் போகவேண்டிய அவசரத்தில் ஓடினாள். டீச்சர் அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். செங்கோடன் எழுந்து உட்கார்ந்து, வேலை முடிந்ததா என்று கேட்டு, சாவிக்காகக் கையை நீட்டினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவர் வரமாட்டார், பள்ளிக்கூடம் திறக்காது, அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்த ஆள் இதுவரை யாரும் இல்லை.

தமயந்தி டீச்சர் சாவியைக் கொடுக்கவில்லை.